கவுன்ட்டருக்குப் பதில் கைப்பேசி: அந்தமானில் சேவைப் பணிகளைத் தானியங்கி முறை பறிக்கிறதா?

ஸ்ரீ விஜயபுரம்: ஸ்வராஜ் தீவுக்கோ ஷாஹீத் தீவுக்கோ அரசுக் கப்பலில் செல்ல விரும்புவோர், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் உள்ள டிக்கெட் கவுன்ட்டர் முன்பு நீண்ட வரிசையில் காத்திருப்பது அந்தமானில் பல ஆண்டு கால வழக்கம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஊழியர் அடையாள அட்டையைச் சரிபார்த்து, பெயரைப் பதிவு செய்து, பணத்தை எண்ணி, பயணச் சீட்டை வழங்குவார். இன்று அந்த வேலையின் பெரும்பகுதியைப் பயணியே தனது கைப்பேசியில் செய்துகொள்ள முடிகிறது. தனியார் படகு நிறுவனங்களின் சீட்டுகளும் பெருமளவில் இணையத்தில்தான் விற்பனையாகின்றன.

இதனால் பயணிக்கு நேரம் மிச்சமாகிறது. ஆனால் கவுன்ட்டருக்குப் பின்னால் அமர்ந்திருந்தவரின் நிலை என்ன? செயற்கை நுண்ணறிவும் தானியங்கி முறைகளும் வேலைவாய்ப்பைப் பறிக்குமா என்ற உலகளாவிய விவாதம் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களை மையமாகக் கொண்டே நடைபெறுகிறது. பெரிய தொழிற்சாலைகள் ஏதுமின்றி அரசுப் பணி, சுற்றுலா, போக்குவரத்து, சிறு வணிகம் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளில் இக்கேள்விக்கு வேறொரு முகம் உண்டு.

கடலடி கேபிள் கொண்டுவந்த மாற்றம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த ஒன்றியப் பிரதேசத்தில் 3.8 லட்சம் பேர் வசிக்கின்றனர். அவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழி தமிழே.

சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இத்தீவுகள், 2020ஆம் ஆண்டு வரை இணையத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அட்டை மூலம் பணம் செலுத்துவது நிச்சயமற்றது என்பதால், தீவுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் ரொக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்ல அறிவுறுத்தப்பட்டனர்.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த சென்னை-அந்தமான் கடலடி கண்ணாடி இழை கேபிள் இந்நிலையை மாற்றியது. சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட இக்கேபிள், தலைநகரை மட்டுமின்றி ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய பகுதிகளையும் இணைக்கிறது. இணையவழிக் கல்வி, தொலைமருத்துவம், வங்கிச் சேவை, சுற்றுலா ஆகியவை பயன்பெறும் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது.

அந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. ஆனால் விடுதி அறையை இணையத்தில் பதிவு செய்ய வழிவகுத்த அதே கேபிள், பதிவு செய்யும் முகவரின் தேவையையும் குறைத்தது. கடையில் கியூஆர் குறியீடு வந்ததும் சில்லறை எண்ணும் வேலை குறைந்தது. தீவுகளைப் பொறுத்தவரை தானியங்கி முறை இயந்திர மனிதனின் உருவில் வரவில்லை. பயணியின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியாக வந்திருக்கிறது.

2023 ஜூலை 18ஆம் தேதி திறக்கப்பட்ட வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையமும் இங்கு கவனிக்கத்தக்கது. சுமார் 710 கோடி ரூபாயில் கட்டப்பட்ட இம்முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது. பயணிகள் பெருகினால் துப்புரவு, பாதுகாப்பு, உணவகம், வாடகை ஊர்தி ஆகிய பணிகள் பெருகும். ஆனால் பயணச் சீட்டைச் சரிபார்த்து இருக்கை ஒதுக்கும் பணி அதே வேகத்தில் பெருகும் என்று கூற இயலாது. அதைப் பயணியே வீட்டிலிருந்து செய்துவிடுகிறார்.

நாட்டின் சில விமான நிறுவனங்கள், கவுன்ட்டரில் ஊழியர் மூலம் நுழைவுச் சீட்டு பெறுவோரிடம் தனிக் கட்டணம் வசூலித்ததும், 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் அதற்குத் தடை விதித்ததும் நினைவுகூரத்தக்கவை. மனிதரின் சேவை இயல்பான உரிமை என்ற நிலையிலிருந்து கூடுதல் விலை கொடுத்துப் பெறும் வசதியாக மாறும் போக்கை அந்தச் சர்ச்சை வெளிப்படுத்தியது.

பணிநீக்கம் அல்ல, நிரப்பப்படாத இடம்

தானியங்கி முறையால் வேலை போகிறது என்றால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்படும் காட்சியே நினைவுக்கு வரும். தகவல் தொழில்நுட்பத் துறையில் அவ்வாறு நிகழ்வதும் உண்டு. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தனது பணியாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கவிருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது நாடு முழுவதும் பேசுபொருளானது.

அரசுத் துறையிலும் சிறு விடுதிகளிலும் மாற்றம் இவ்வளவு வெளிப்படையாக நிகழ்வதில்லை. ஓய்வு பெறும் எழுத்தரின் இடம் நிரப்பப்படாமல் விடப்படும். சுற்றுலாப் பருவம் முடிந்து அனுப்பப்பட்ட வரவேற்பாளர் அடுத்த பருவத்துக்கு அழைக்கப்படமாட்டார். ஒப்பந்தம் முடிந்தவருக்கு நீட்டிப்பு கிடைக்காது. யாரும் பணிநீக்கம் செய்யப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அடுத்து வரும் இளைஞருக்கு அந்த வேலை இருக்காது.

நிலையற்ற பணியில் இருப்போரே இதில் முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள். தீவு நிர்வாகத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் தினக்கூலி மஸ்தூர்களாகப் பணியாற்றுகின்றனர். அவர்களுக்கான ஊதியப் பலன்கள் தொடர்பான உத்தரவை நிறைவேற்றவில்லை எனக் கூறி, 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு, தலைமைச் செயலரைப் பணியிடைநீக்கம் செய்தும், துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் செலுத்துமாறும் உத்தரவிட்டது. மறுநாளே அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இவ்வழக்குக்கும் தானியங்கி முறைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், சேவைப் பணியாளரில் ஒரு பெரும் பிரிவினர் ஊதியத்துக்கே நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலையில் இருக்கின்றனர் என்பதை அது காட்டியது. இத்தகையோரிடம், இயந்திரம் வருவதைக் குறித்துப் பேரம் பேசும் வலிமையை எதிர்பார்க்க இயலாது.

வங்கிகள் தரும் பாடம்

இந்த அச்சம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1960களில் கொல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலகத்தில் கணினி நிறுவப்படுவதை எதிர்த்து ஊழியர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 1980களில் வங்கி ஊழியர் சங்கங்கள் கணினிமயத்துக்குக் கட்டுப்பாடுகளை வலியுறுத்தின. சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984இலும் 1989இலும் அளித்த அறிக்கைகளைத் தொடர்ந்து, வங்கிகளில் கணினிமயம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

அதன் பின்னர் வங்கித் தொழில் சுருங்கவில்லை, விரிவடைந்தது. எனினும் 2000-01ஆம் ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ்ச் சுமார் ஒரு லட்சம் ஊழியர்கள் பொதுத்துறை வங்கிகளை விட்டு வெளியேறினர் என்பதும் அதே வரலாற்றின் பகுதியாகும்.

அமெரிக்காவில் ஏடிஎம் இயந்திரங்கள் குறித்துப் பொருளியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பெசன் மேற்கொண்ட ஆய்வு இவ்விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 1988 முதல் 2004 வரையிலான காலத்தில் அங்கு ஒரு நகர்ப்புற வங்கிக் கிளைக்குத் தேவைப்பட்ட காசாளர் எண்ணிக்கை 20இலிருந்து 13ஆகக் குறைந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் மேலும் கிளைகளைத் திறந்தன. நகர்ப்புறக் கிளைகள் 43 சதவீதம் அதிகரித்தன. எனவே காசாளர்களின் மொத்த எண்ணிக்கை சரியவில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில், கைப்பேசி வழி வங்கிச் சேவை பரவியபோது, கிளைகளும் குறைந்தன. காசாளர் பணியிடங்களும் குறைந்தன. ஏடிஎம் காசாளரின் ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. கைப்பேசியோ வாடிக்கையாளர் கிளைக்கு வர வேண்டிய தேவையையே எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ மூலம் 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடைபெற்றன. 2002இல் இணையவழி முன்பதிவு தொடங்கிய ரயில்வேயில், இன்று முன்பதிவுச் சீட்டுகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை கவுன்ட்டருக்குச் செல்லாமலேயே பெறப்படுகின்றன. நாடும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

தீவுகளுக்கு அந்தப் பாடம் பொருந்துமா?

பெசனின் ஆய்வு உணர்த்தும் பொது விதி எளிமையானது. இயந்திரத்தால் ஒரு சேவையின் செலவு குறைந்து, அதனால் அச்சேவைக்கான தேவை பெருமளவு அதிகரித்தால் வேலைகள் தப்பும். தேவை அதிகரிக்க வழியில்லை என்றால் வேலைகள் குறையும்.

அந்தமானின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தீவுகளுக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது டிக்கெட் கவுன்ட்டரின் வேகம் அன்று. விமான இருக்கைகள், கப்பல்களின் எண்ணிக்கை, விடுதி அறைகள், குடிநீர், பெரும்பாலும் டீசலை நம்பியிருக்கும் மின்சாரம், பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்கான சட்டக் கட்டுப்பாடுகள் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. முன்பதிவை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் 300 இருக்கைகள் கொண்ட கப்பலில் 301ஆவது பயணி ஏற முடியாது. ஆகவே இங்கு தானியங்கி முறையால் மிச்சமாகும் உழைப்பு, கூடுதல் சேவையாகத் தானாக மாறிவிடாது. கூடுதல் கப்பலும் கூடுதல் அறைகளும் வந்தால் மட்டுமே அது நிகழும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சென்னையில் காசாளர் வேலையை இழப்பவர் அடுத்த தெருவிலோ அடுத்த நகரத்திலோ வேறு வேலை தேடலாம். மாயாபந்தரிலோ காம்ப்பெல் பேயிலோ வசிப்பவருக்கு அடுத்த வேலை கடலுக்கு அப்பால் இருக்கிறது.

இயந்திரம் திணறும் இடங்கள்

அதேவேளையில், எல்லாச் சேவைப் பணிகளும் மறையும் என்ற கணிப்புகளும் நம்பத்தக்கவை அல்ல. அமெரிக்காவின் வேலைகளில் 47 சதவீதம் தானியங்கி முறையால் ஆபத்துக்கு உள்ளாகும் என ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் ஆகியோர் 2013இல் மதிப்பிட்டனர். வேலைகளை முழுமையாகக் கொள்ளாமல் அவற்றில் அடங்கிய பணிகளாகப் பிரித்து ஆராய்ந்த 2016ஆம் ஆண்டின் ஓஇசிடி ஆய்வு, வளர்ந்த நாடுகளில் அந்த விகிதம் 9 சதவீதம் மட்டுமே என்றது. ஒரு வேலையின் சில பகுதிகளை இயந்திரம் செய்வதும், அந்த வேலையே மறைவதும் ஒன்றல்ல என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

அந்தமானில் இதைக் கடலே விளக்கும். வானிலை மோசமடைந்து கப்பல் ரத்தானால், சீட்டு விற்ற செயலி ஒரு குறுஞ்செய்தியுடன் தன் கடமையை முடித்துக்கொள்ளும். மறுநாள் விமானத்தைப் பிடிக்க வேண்டிய குடும்பத்துக்கு மாற்று வழி கூறுவதும், நோயாளியை ஏற்றி வந்தவருக்கு அடுத்த கப்பலில் இடம் ஏற்பாடு செய்வதும், கோபத்தில் இருப்பவரை அமைதிப்படுத்துவதும் ஊழியரின் வேலை. வழக்கமான நாள்களில் அவர் தேவையற்றவராகத் தோன்றலாம். வழக்கத்துக்கு மாறான நாளில் அவர் இன்றியமையாதவர்.

மொழியும் அத்தகையதே. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி எனப் பல மொழிகள் புழங்கும் இத்தீவுகளில், கவுன்ட்டர் ஊழியர் பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளராகவும் செயல்படுகிறார். மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி தளம், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பை உருவாக்கி வருகிறது. தமிழும் வங்காளமும் அப்பட்டியலில் உள்ளன. நிகோபாரி மொழி இல்லை. தானியங்கி முறையின் பயன் முதலில் சென்றடையாத இடமும், மனித ஊழியரை அகற்றினால் அதிகம் பாதிக்கப்படும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஊழியர்களை அவசரமாக அகற்றிய நிறுவனங்கள் பின்வாங்கிய நிகழ்வுகளும் உண்டு. தனது செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்வதாக 2024இல் அறிவித்த சுவீடனின் கிளார்னா நிறுவனம், சேவைத் தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, 2025இல் மீண்டும் மனித ஊழியர்களைச் சேர்க்கத் தொடங்கியது. குரல்வழித் தானியங்கியைக் காரணம் காட்டி 45 பணியிடங்களை நீக்குவதாக 2025 ஜூலையில் அறிவித்த ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, அழைப்புகள் குறையவில்லை என ஊழியர் சங்கம் சுட்டிக்காட்டியதை அடுத்து, மறு மாதமே அம்முடிவைக் கைவிட்டு மன்னிப்பும் கோரியது. அங்கு சங்கம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

யார் அதிகம் பாதிக்கப்படுவர்?

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, 2030ஆம் ஆண்டுக்குள் உலகளவில் 17 கோடி வேலைகள் புதிதாக உருவாகும் என்றும், 9.2 கோடி வேலைகள் மறையும் என்றும் மதிப்பிடுகிறது. மறையும் பட்டியலில் காசாளர்கள், டிக்கெட் வழங்குவோர், அஞ்சல் எழுத்தர்கள், தரவுப் பதிவாளர்கள் முன்னிலையில் உள்ளனர். கூட்டிக் கழித்தால் ஆதாயம்தான். ஆனால் புதிய வேலை உருவாகும் ஊரும் பழைய வேலை மறையும் ஊரும் ஒன்றாக இருக்கும் என்று அந்தக் கணக்கு உறுதி கூறவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2023, 2025ஆம் ஆண்டு ஆய்வுகளும் அலுவலக எழுத்தர் பணிகளே செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு அதிகம் இலக்காகக்கூடியவை எனக் கூறுகின்றன. 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மிக அதிகத் தாக்கத்துக்கு உள்ளாகும் பிரிவில் பெண் பணியாளர்களில் 4.7 சதவீதத்தினரும், ஆண்களில் 2.4 சதவீதத்தினரும் அடங்குவர். படித்த பெண்கள் வீட்டுக்கு அருகில் பெறக்கூடிய வேலைகளில் வரவேற்பாளர், காசாளர், எழுத்தர் பணிகள் முக்கியமானவை என்பதால், தீவுகளுக்கும் இது கவலையளிக்கும் செய்தியே.

துப்புரவுப் பணியாளர், சமையலர், படகோட்டி, ஆழ்கடல் நீச்சல் பயிற்றுநர், செவிலியர் போன்றோரின் வேலைகளை அண்மைக் காலத்தில் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. உடலுழைப்பு வேலைகள் முதலில் போகும் என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, மேசைக்குப் பின்னால் அமர்ந்து செய்யும் வேலைகளே இன்று முதலில் ஆட்டம் காண்கின்றன.

முன்னரும் ஒரு தொழில் சுருங்கியது

ஒரு தொழில் சுருங்கி மற்றொன்று தலைதூக்குவதை இத்தீவுகள் ஏற்கெனவே கண்டுள்ளன. 1883இல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை ஒரு காலத்தில் தீவுப் பொருளாதாரத்தின் அடையாளமாக விளங்கியது. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை அடுத்து 2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தீவுகளின் காடுகளில் வணிக நோக்கிலான மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மரத்தை நம்பியிருந்த பொருளாதாரம் சுற்றுலாவை நோக்கித் திரும்பியது. சாத்தம் ஆலையே இன்று பயணிகள் பார்வையிடும் இடங்களுள் ஒன்றாகிவிட்டது.

அந்த மாற்றத்துக்கு ஒரு தெளிவான காரணமும் ஒரு தேதியும் இருந்தன. இழப்பீடும் மாற்றுப் பணியும் கோர முடிந்தது. கைப்பேசிச் செயலியால் படிப்படியாக ஏற்படும் இழப்புக்குத் தேதி கிடையாது என்பதால், அதை முன்வைத்து நிவாரணம் கோருவதும் கடினமாகிறது.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்தைக் கொண்டுவரும் முன் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு அளிக்க வேண்டும் என்ற விதி, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் முன்னறிவிப்பு விதியைத் தக்கவைத்துள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்துக்கு இணையான தொகையை நிறுவனம் மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும் என்றும், 45 நாள்களுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்றும் புதிய சட்டம் கூறுகிறது.

நடைமுறையில் இதன் எல்லைகள் குறுகியவை. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற விதி, தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது; அதற்கான வரம்பும் 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டுள்ளது. விடுதிகளும் கடைகளும் பயண முகமைகளும் அதன் வரம்புக்குள் முன்பும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. குறித்த காலப் பணி முடிவடைவது சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்பே அன்று. ஆக, பருவகால ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத வரவேற்பாளருக்கு மறுதிறன் நிதியும் கிடைக்காது.

வரவிருக்கும் துறைமுகம்

கிரேட் நிகோபாரின் கலதியா விரிகுடாவில் திட்டமிடப்பட்டுள்ள சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், தீவு இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பாகவும் முன்னிறுத்தப்படுகிறது. மழைக்காடுகள், கடலாமைகள், ஷொம்பென், நிகோபாரி பழங்குடியினர் ஆகியோர் மீதான அதன் தாக்கம் குறித்த சர்ச்சை தனியே தொடர்கிறது. வேலை என்ற கோணத்தில் மட்டும் நோக்கினால், கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் ஒரு முன்னோட்டம். 2025 மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்துறைமுகத்தில் கிரேன்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தொலைவழியில் இயக்கப்படுகின்றன. பழைய துறைமுகங்களைப் போல் ஆயிரக்கணக்கான சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு அங்கு இடமில்லை. அதேவேளையில், உள்ளூர் மீனவக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று அந்தக் கிரேன்களை இயக்கி வருகின்றனர்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் வேலைகள் குறைவு. ஆனால் உரிய பயிற்சி முன்கூட்டியே அளிக்கப்பட்டால் அவற்றில் ஒரு பங்கு உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கும். பயிற்சி இல்லையெனில் அந்த இருக்கைகளிலும் வெளியூரிலிருந்து வருவோரே அமர்வர்.

கவனிக்க வேண்டியவை

தானியங்கி முறை சேவைப் பணியாளர்களின் வேலையைப் பறிக்கிறதா என்ற கேள்விக்கு அந்தமானிலிருந்து கிடைக்கும் விடை இதுதான்: வேலையில் இருப்பவரை அது பெரும்பாலும் உடனே வெளியேற்றுவதில்லை, அவருக்குப் பின் வருபவருக்கான கதவை மெல்லச் சாத்துகிறது. எனவே பணிநீக்கப் பட்டியலைத் தேடினால் பாதிப்பு கண்ணில் படாது. ஓய்வு பெற்றோரின் இடங்களில் எத்தனை நிரப்பப்பட்டன, தினக்கூலி மற்றும் ஒப்பந்தப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு மீண்டும் வேலை கிடைத்தது, இணைய முன்பதிவு வந்த பின் கவுன்ட்டர் ஊழியர்களுக்கு எந்தப் பணி ஒதுக்கப்பட்டது ஆகிய மூன்று கணக்குகளே உண்மை நிலையைக் காட்டும்.

இவற்றில் மூன்றாவது, நிர்வாகத்தின் கையிலேயே உள்ளது. சீட்டு விற்கும் வேலையிலிருந்து விடுபட்ட ஊழியரைக் கப்பல் ரத்தாகும் நாளில் பயணிகளுக்கு உதவவும், முதியோருக்கு வழிகாட்டவும், கைப்பேசி இல்லாதவருக்கு இடம் ஒதுக்கவும் பயன்படுத்தினால், அதே ஊதியத்தில் மேம்பட்ட சேவை கிடைக்கும். அவருடைய நாற்காலியை அகற்றிவிட்டால் செலவு மட்டுமே குறையும். தொழில்நுட்பம் இரண்டுக்கும் இடம் தருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது செயலி எடுக்கும் முடிவன்று. அடுத்த நிதிநிலை அறிக்கையிலும் அடுத்த பணியிட அறிவிப்பிலும் எடுக்கப்படும் முடிவு.